பத்தாவது கைநாட்டு

குட்டப்பாறைத் திம்மப்பன் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். கையெழுத்துப் போடுவான். படிக்கவும் படிப்பான், ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் போட்டு மென்றுதான் அடுத்த எழுத்துக்குப் போவான். பர்கூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் பதினெட்டு வருஷம் பாறைக்குத் துளை போட்டான். இப்போது போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம் இறங்குவான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கமாட்டான். அப்படிப்பட்டவன் சட்டசபை எலெக்‌ஷனுக்கு நிற்கிறேன் என்று சொன்னபோது ஊரில் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்கு ஒரே மகள், சரிதா. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். மூணு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதத்து மத்தியானம், ஆடு தேடிப் போனவள் பழைய குவாரிக் குழியில் விழுந்து செத்துப்போனாள். கல்லெடுத்து முடித்துவிட்டு அப்படியே விட்டுப்போன குழி அது. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். சுற்றி ஒரு முள்வேலி கிடையாது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

செத்ததோடு போகவில்லை கதை. ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த திம்மப்பனிடம் குவாரி மேஸ்திரி ஒரு காகிதத்தை நீட்டினான். "இதுல ஒரு கையெழுத்துப் போடுண்ணா, புள்ளைய சீக்கிரமா எடுத்துனு போயிடலாம்" என்றான். அவன் படிக்கவில்லை. அவன் படிக்கிற வேகத்துக்கு அதைப் படித்து முடிக்க அரை மணி ஆகும். பிள்ளை உள்ளே தனியாகக் கிடக்கிறாளே என்று பட்டென்று போட்டுக்கொடுத்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. குழியைச் சுற்றி வேலி இருந்ததாம். எச்சரிக்கைப் பலகை இருந்ததாம். மேற்படி சிறுமி வேலியைத் தாண்டித் தன் இஷ்டத்துக்கு இறங்கினாளாம். காகிதம் முழுக்க மேற்படி சிறுமி, மேற்படி சிறுமி. அவள் பேர் ஓரிடத்திலும் இல்லை. கீழே அப்பன் கையெழுத்து மட்டும் குண்டு குண்டாக.

அன்றைக்கு நிறுத்தினாள் பேச்சை, அவன் பெண்டாட்டி மாதம்மாள்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் புருஷனிடம் ஒரு சொல் கிடையாது. சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்வாள். "சோறு ஆயிடுச்சுன்னு சொல்லு, கோழி." "கரண்டுக்காரன் வந்துட்டுப் போனான்னு சொல்லு." கோழியும் தலையைச் சாய்த்துக் கேட்கும். ஒருநாள் அந்தக் கோழி வண்டியில் அடிபட்டுச் செத்தது. அவள் அடுத்த கோழியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாளே ஒழிய, அவன் பக்கம் திரும்பவில்லை.

இன்னொன்று செய்வாள். தினமும் காலை எட்டு மணிக்கு, ஸ்கூல் பஸ் வருகிற நேரத்துக்கு, சரிதாவின் டிபன் பாக்ஸைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வாசல் சுவர்மேல் கவிழ்ப்பாள். அதில் யாரும் சோறு போட்டு மூணு வருஷம் ஆகிறது. இருந்தாலும் கழுவுவாள். மூடிமேல் பேர் வெட்டியிருக்கும். பர்கூர் பாத்திரக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து மாதம்மாளே வெட்டச் சொல்லி வாங்கியது. மாதம்மாளுக்குப் படிப்பு வராது. இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்த எழுத்து அந்த மூடியில் இருக்கிற மூணே மூணுதான்.

ஊரும் ஒன்று செய்தது. நல்ல மனசோடுதான் செய்தது. அதுவரைக்கும் திம்மப்பனைத் திம்மப்பன் என்று யார் கூப்பிட்டார்கள்? பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவன் 'சரிதாப்பா'. டீக்கடையில் சரிதாப்பா, பால் சொசைட்டியில் சரிதாப்பா, பெண்டாட்டி வாயிலும் அதுதான். பிள்ளை போன பிறகு, அந்தப் பேரைச் சொன்னால் மனுஷன் நொந்துபோவானே என்று ஒவ்வொருத்தராக வாயை மாற்றிக்கொண்டார்கள். 'திம்மண்ணா' ஆனான். அதைக் கேட்கும்போதெல்லாம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றும்.

அவனைப் பழைய மாதிரிக் கூப்பிட்டது ஒரே ஓர் இடம்தான். பஸ் இறங்கி வீட்டுக்குப் போகும் வழி அந்தக் குழி ஓரமாகத்தான் போகிறது. அங்கே நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடும். "அப்பா." இரண்டடி வைத்தால் மறுபடியும், "அப்பா." அவ்வளவுதான். ஆள் தெரியாத குரல் பின்னாலிருந்து கூப்பிட்டால் மூணாவது தடவை கூப்பிடுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாது, இரண்டு தடவை எது வேண்டுமானாலும் கூப்பிடும், மூணாவது தடவை மனுஷர்தான் கூப்பிடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. அவன் நிற்பான். கழுத்து திரும்பத் துடிக்கும். மூணாவது வராது. பிரமை என்று சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவன் கேட்டான். அது கேட்டதுதான்.

எலெக்‌ஷன் அறிவித்த வாரம் கம்பெனி கேன்டீனில் ஹரீஷ்குமார் என்று ஒரு சூப்பர்வைசர் பேப்பரைப் படித்துக்கொண்டே சொன்னான்: "கட்சி இல்லாத ஆளும் நிக்கலாம்ணே. தொகுதிக்காரங்க பத்துப் பேர் முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டாப் போதும். பேரும் நம்மள ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படியே போட்டுக் கேக்கலாம்."

திம்மப்பன் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, "எப்படிக் கூப்பிடுறாங்களோ அப்படியேவா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். டெபாசிட் கட்ட வேண்டிய பணத்துக்கு இரண்டு கிடாயைப் பிடித்து விற்றான். மனுத்தாள் வாங்கினான். பேர் எழுதுகிற இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாக எழுதினான்: சரிதா அப்பா திம்மப்பன்.

பத்துப் பேருக்காக வீடு வீடாக நடந்தான். ஒருதரம் படிக்காமல் போட்ட கையெழுத்து அவனை என்ன பாடுபடுத்தியதோ, மனுத்தாளின் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு வீட்டிலும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவை நீட்டுவான். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி. "போதும்ப்பா, குடு, போட்டுத் தொலைக்கறேன்" என்று சலித்தவர்களையும் விடவில்லை. "கடைசி வரி வரைக்கும் கேட்டுட்டுப் போடுங்க."

போகிற வீட்டிலெல்லாம் சரிதா முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தாள். போன சட்டசபை எலெக்‌ஷனின்போது அவள் ஒன்பதாவது. வாத்தியாரம்மாகூடப் பூத் சீட்டுக் கொடுக்கப் போய், ஊரில் எல்லோருடைய ஓட்டுக் கார்டு உறையிலும் பாகம் எண், வரிசை எண் எழுதிக் கொடுத்திருந்தாள், நீல மையில். இவன் கார்டைக் கேட்பான். அவர்கள் பரணிலிருந்தோ பீரோவிலிருந்தோ எடுத்து வருவார்கள். உறைமேல் அந்த எழுத்து. ஒன்பதுக்கு வாலை நீட்டி இழுத்திருப்பாள். நம்பரெல்லாம் புதுப் பட்டியலில் மாறிப்போயிருந்தது. எழுத்து மாறவில்லை. சிலர் அதைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டே காட்டுவார்கள். அவன் அந்த விரலை மெதுவாக நகர்த்திவிட்டுப் பார்ப்பான்.

அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்த ஆட்டோக்காரன் சுடலைமுத்து, வலிய வந்து நின்றான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள்.

"நான் போடுதேன் அண்ணாச்சி."

"உன் ஓட்டு எங்கப்பா இருக்குது?"

"அது ஊர்லதான் கெடக்கு. பொங்கலுக்குப் போவும்போது மாத்தணும் மாத்தணும்னு பன்னெண்டு வருஷம் ஓடிப்போச்சு."

"அப்ப செல்லாது."

"பாத்தியளா! பன்னெண்டு வருஷமா இந்த ஊர்த் தண்ணியக் குடிக்கேன், ஒரு கையெழுத்துக்கு ஆவலியே" என்று தலையில் அடித்துக்கொண்டான். "சரி, கை ஆவாட்டி ஆட்டோ ஆவும்லா? எங்கன போணும்னாலும் சொல்லுங்க, வாரேன்."

சம்பங்கி வீட்டுக்குப் போனபோது அவள் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தெலுங்குக்காரி, வயது அறுபதுக்கு மேல், யாருக்கும் பயப்படாதவள்.

"ரா, கூர்ச்சோ" என்று உட்காரச் சொன்னாள். "ஜெயிச்சிடுவியா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னாத்துக்கு இந்த அலைச்சல்?"

"ஒவ்வொரு பூத்துலயும் மெசின்ல அவ பேரு இருக்கும். குவாரிக்காரனும் ஓட்டுப் போட வருவான்ல? அவன் பட்டனை அமுக்கறதுக்கு முன்னால அது கண்ணுல பட்டுத்தானே ஆவணும்."

சம்பங்கி கையிலிருந்த கடலைக்காயை முறத்தில் போட்டாள். பிறகு கட்டை விரலை முந்தானையில் துடைத்து நீட்டினாள். "எனக்குக் கையெழுத்து வராது. உருட்டிக்கோ, சரிதாப்பா."

மூணு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர். அவனுக்கு மைப்பெட்டியைத் திறக்க வரவில்லை. அவளே பிடுங்கித் திறந்தாள்.

பால் சொசைட்டியில் இரவல் வாங்கிய மைப்பெட்டி அது. நூறு நாள் வேலைக்கு, குழுக் கடனுக்கு, பென்ஷனுக்கு என்று எதற்கானாலும் அந்த ஊரில் கைநாட்டு வீட்டு வாசலில்தான் உருட்டுவார்கள். அவனும் அப்படியே உருட்டினான். எட்டுக் கையெழுத்து, இரண்டு கைநாட்டு. இரண்டாவது கைநாட்டு எதிர்வீட்டு ராமப்பனுடையது. பத்தும் சேர்ந்தது. மாதம்மாளை அவன் கேட்கவில்லை. கேட்க வாய் ஏது? மனுத்தாளை வீட்டில் உரக்க வாசித்துப் பார்த்தபோது அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். "புகை கண்ணைக் கரிக்குதுன்னு சொல்லு, கோழி" என்றாள்.

மனுத்தாக்கல் கடைசி நாள். பதினொன்றரைக்கே தேர்தல் ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோது பன்னிரண்டரை. வினிதா என்கிற ஆபீஸர் அம்மா, சின்ன வயசு, தாளை விரலால் தடவிக்கொண்டே வந்து கடைசி இரண்டு வரியில் நிறுத்தினாள்.

"இந்தக் கைரேகை எங்க வெச்சது?"

"அவங்கவங்க ஊட்டுலதாங்க."

"செல்லாதுங்களே. கையெழுத்துன்னா எங்க போட்டாலும் பரவாயில்ல. கைரேகைன்னா அதிகாரி முன்னால வெச்சாத்தான் எடுத்துக்குவோம்."

"எல்லா வரியும் வாசிச்சுக் காட்டித்தாங்க வாங்குனேன். சத்தியமா."

"நீங்க வாசிச்சிருப்பீங்க. நான் பார்க்கலையே" என்றாள், தணிந்த குரலில்தான். "மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. மூணு அடிச்சா நானே நினைச்சாலும் வாங்க முடியாது."

வெளியே வந்து சுடலைமுத்துவுக்குப் போன் போட்டான். இரண்டு பேரையும் கூட்டிவரச் சொன்னான். "பதறாதிய அண்ணாச்சி, இன்னா கெளம்பிட்டேன்" என்று அவன் வைத்துவிட்டான். திம்மப்பன் ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் நின்றான். வெயில் கொளுத்தியது. அந்த நேரம் பார்த்து, எட்டு மைலுக்கு அப்பால் இருக்கிற குழியிலிருந்து வருகிற மாதிரி, பின்னால் ஒரு குரல். "அப்பா." கொஞ்சம் விட்டு, "அப்பா." அவன் மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். அங்கே அதுவரைக்கும் அது வந்ததில்லை.

இரண்டு நாற்பதுக்கு ஆட்டோ வந்தது. முதலில் சம்பங்கி இறங்கினாள். "என்னா ஓட்டறான் இந்தத் திருநெல்வேலிக்காரன், எலும்பு மொத்தம் இடம் மாறிப்போச்சு!"

"ராமப்பன் எங்க?"

சுடலைமுத்து தலையைச் சொறிந்தான். "அவரு வரல அண்ணாச்சி. குவாரி மேஸ்திரி காலைலயே வந்து பேசிட்டுப் போயிருக்கான். மவன் அங்கதான வேல பாக்கான். ஒரு மணி நேரம் கெஞ்சிப் பாத்தேன். 'என் கை நடுங்குது, மை ஒட்டாது'ன்னு கதவச் சாத்திட்டாரு."

திம்மப்பன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். இருபது நிமிஷத்தில் எந்த ஆளைத் தேடுவது?

அப்போதுதான் ஆட்டோவின் மறுபக்கத்திலிருந்து இன்னொருத்தி இறங்கினாள். மாதம்மாள். கையில் அந்த டிபன் பாக்ஸ், ஈரம்கூடக் காயாமல்.

நடந்தது இதுதான். ராமப்பன் கதவைச் சாத்துவதை அவள் எதிர்வீட்டு வாசலில் இருந்து பார்த்தாள். காலையில் ஒருதரம் கழுவிய டிபன் பாக்ஸை அன்றைக்கு மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள், கை கழுவிக்கொண்டே இருந்தது. ஆட்டோவைத் திருப்பும்போது எழுந்து வந்து, சம்பங்கியிடம் "நகரு" என்று ஒரே சொல் சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.

உள்ளே சம்பங்கி முதலில் உருட்டினாள். ராமப்பன் பேரை அடித்துவிட்டுக் கீழே மாதம்மாள் பேரையும் எண்ணையும் எழுதினார்கள். கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்திரண்டு. வினிதா மைப்பெட்டியை நகர்த்தி, "இங்க வைங்கம்மா" என்றாள்.

மாதம்மாள் கையை நீட்டவில்லை.

"அம்மா, டைம் ஆகுது. நான் வேணா படிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம். அடுத்தவங்க வாய நம்பிப் போட்டதைப் பாத்தாச்சு" என்றாள் மாதம்மாள்.

டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தாள். மூடியைத் தன் பக்கம் திருப்பினாள். மனுத்தாளையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு விரல் மூடியில் இருந்தது, இன்னொரு விரல் தாளில் மேலிருந்து கீழே ஊர்ந்து வந்தது. வரிசையில் நின்றவர்கள், போலீஸ்காரர், எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள். திம்மப்பன் சுவரைப் பார்த்து நின்றான். விரல் ஒரு வரியைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்தது. முதல் எழுத்து. மூடியைப் பார்த்தாள். இரண்டாவது. மறுபடி மூடி. மூணாவது எழுத்தின் காலைக் கடைசி வரைக்கும் தடவினாள்.

"இருக்கறா" என்றாள்.

விரலை மையில் அழுத்தி, யாரும் பிடித்துவிடாமல், தானே உருட்டினாள். வினிதா பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். மூணு அடிக்க நாலு நிமிஷம்.

"மெசின்ல பேர் இப்படியே வேணும்னு எழுதியிருக்கீங்க" என்று திம்மப்பனைப் பார்த்துக் கேட்டாள் வினிதா. "ஊர்ல உங்களை உண்மையிலேயே இப்படித்தான் கூப்பிடுவாங்களா?"

அவன் மனுத்தாளைப் பார்த்தான். பொய் சொல்லக் கூடாது. மூணு வருஷமாக யார் கூப்பிடுகிறார்கள்?

"கூப்பிடுவாங்க" என்றாள் மாதம்மாள், மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. பிறகு அவன் பக்கம் திரும்பினாள். கோழி இல்லை, சுவர் இல்லை, அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "இதையாவது படிச்சுப் பாத்துப் போட்டியா, சரிதாப்பா?"

"படிச்சேன்" என்றான். "முப்பது தடவைக்கு மேல படிச்சேன்."

மன்னித்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

ஆட்டோ சம்பங்கியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனது. இவர்கள் இரண்டு பேரும் ரோட்டிலேயே இறங்கிக்கொண்டு குழி வழியாக நடந்தார்கள். அவன் முன்னால், அவள் பத்தடி பின்னால். விளிம்புக்குப் பக்கத்தில் வந்ததும் கூப்பிட்டது. அவன் நின்றான். மறுபடி கூப்பிட்டது. பின்னால் அவள் காலடியும் நின்றுபோயிருந்தது.

"ரெண்டுதான்" என்றாள் மாதம்மாள். "மூணாவது கூப்பிட மாட்டா."

அவன் திரும்பாமலே கேட்டான். "உனக்கும் கேக்குதா?"

"மூணு வருஷமா. தெனம் சுள்ளி பொறுக்க எதுக்கு இந்தப் பக்கம் வரேன்னு நெனச்ச?"

"அப்பான்னுதானே கூப்பிடறா?"

"அம்மான்னுதான் கூப்பிடறா" என்றாள் அவள், அதில் பேச்சே இல்லை என்பது போல. ஒரே குரலை ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டுக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல், இத்தனை நாளாக ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள்.

மனு தள்ளுபடி ஆகவில்லை. பட்டியலில் பதின்மூணாவது பேர். அப்படியே வந்தது, மூணு எழுத்தும் முன்னால். குவாரிக்காரன் அன்றைக்கு எந்த பூத்துக்கு வந்தான், வந்தபோது முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். மாதம்மாள் மெசின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "அம்மா, பட்டனை அமுக்குங்க" என்று மேசையிலிருந்து மூணு தடவை சொன்ன பிறகுதான் மெசினின் சத்தம் வந்தது. அவள் அந்தப் பேரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுப் போட்டுவிட்டு இரண்டு பேரும் குழி வழியாகத்தான் திரும்பினார்கள். இந்தத் தடவை அவள் பக்கத்திலேயே நடந்தாள். விளிம்பில் நின்றார்கள். வெயில் தணிந்து, தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. வெகு தூரத்தில் கல்லுடைக்கிற கிரஷர் ஒன்று ஓடுகிற சத்தம் மட்டும். அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"கூப்பிடலை" என்றான் திம்மப்பன்.

"ம்."

"பேரு வந்துடுச்சுல்ல. மனசு ஆறிப் போயிட்டா போல."

அவள் சடாரென்று அவனைப் பார்த்தாள். "போவட்டும்னா அங்க வந்து கை வெச்சேன்?" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, நெருப்பு. "நீ ஊட்டுக்குப் போ. நான் நிக்கறேன். கூப்பிடுவா."

அவன் போகவில்லை. அவள் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி அவனும் உட்கார்ந்தான். வேலியில்லாத அந்தக் குழியின் ஓரத்தில், ஓட்டு மை வைத்த விரலோடு, ஆளுக்கு ஒரு காதைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்துக்கொண்டு.